பிள்ளை யாருக்கு? – தந்தையுரிமைச் சட்டத்தின் இருநூறு ஆண்டுகள்

பாரதி தன் இளமைக் காலத்தில் 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரில் எழுதியதை நாம் அறிவோம். அவர் ஆசானாக வரித்துக்கொண்ட அந்த ஆங்கிலக் கவிஞர், தம் இரண்டு குழந்தைகளை நீதிமன்றத்தில் இழந்த ஒரு தகப்பன் என்ற செய்தியை நம் இலக்கியக் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஷெல்லி தம் முதல் மனைவி ஹாரியட்டை 1814இல் பிரிந்து மேரியுடன் சென்றார். 1816 டிசம்பரில் லண்டன் ஹைட் பூங்காவின் செர்ப்பன்டைன் ஏரியிலிருந்து ஹாரியட்டின் உடல் மீட்கப்பட்டது. அப்போது மகள் இயான்திக்கு மூன்று வயது, மகன் சார்லசுக்கு இரண்டு. தாய்வழிப் பாட்டனாரான வெஸ்ட்புரூக்கின் குடும்பத்தாரிடம் இருந்த அக்குழந்தைகளை ஷெல்லி கேட்டார். அவர்கள் மறுத்து, சான்சரி நீதிமன்றத்தை நாடினர். ஷெல்லி எழுதிய 'குவீன் மேப்' காவியமும் அதன் நாத்திகக் குறிப்புகளும் அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டன. கவிதை நூலொன்று தகப்பனின் தகுதியின்மைக்குச் சாட்சியாக ஏறிய வழக்கு உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை. 1817 மார்ச்சில் லார்டு சான்சலர் எல்டன் தீர்ப்பளித்தார்: தாம் கொண்ட ஒழுக்கக்கேடான கொள்கைகளை நடத்தையிலும் காட்டிய ஒருவர், அவற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பார் என்பதால் அவரிடம் ஒப்படைக்க இயலாது. குழந்தைகள் வேற்றார் பொறுப்பில் வளர்ந்தனர். ஷெல்லி 1818இல் இங்கிலாந்தை விட்டு நீங்கி, 1822இல் இத்தாலியக் கடலில் மாண்டார். பிள்ளைகள் அவரிடம் திரும்பவேயில்லை. மகன் சார்லஸ் 1826இல் இறந்துபோனான்.

ஷெல்லிமேல் இரக்கம் கொள்வது எளிது. ஹாரியட்டை நினைத்தால் அந்த இரக்கம் சற்றே தயங்கும். ஆனால் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு வியப்புக்குரியதாவது வேறொரு காரணத்தால். அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி முறையான திருமணத்தில் பிறந்த குழந்தை முழுக்க முழுக்கத் தந்தைக்கே உரியது. தாய்க்குச் சட்டத்தின்முன் எந்த உரிமையும் கிடையாது. ஷெல்லி அந்த விதிக்கு விலக்கு. விதி எப்படி இருந்தது என்பதற்கு 1804ஆம் ஆண்டின் டி மேன்வில் வழக்கு போதும். பிரெஞ்சுக்காரக் கணவனிடமிருந்து விலகி வாழ்ந்த ஓர் ஆங்கிலப் பெண்ணிடம் எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. இரவில் வந்த தகப்பன், பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பறித்து, போர்த்தக்கூட விடாமல் திறந்த வண்டியில் கொண்டுபோனான். தாய் ஆட்கொணர்வு மனு செய்தாள். தகப்பனே காப்பாளன் என்று கூறிய தலைமை நீதிபதி எலன்பரோ, குழந்தையை அவனிடமே விட்டார். பிள்ளையை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற தடையை மட்டும் சான்சரி நீதிமன்றம் பிறகு விதித்தது. அத்தடையை விதித்தவரும் எல்டன்தான்.

இந்த விதியை முதன்முதலில் அசைத்தவர் எழுத்தாளரான கரோலின் நார்ட்டன். இவரது கணவர் ஜார்ஜ் நார்ட்டன் வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், மனைவியை அடிப்பவர். 1836இல் மூன்று ஆண்பிள்ளைகளையும் வீட்டிலிருந்து அகற்றிக்கொண்டு, தம் மனைவியோடு தகாத உறவு கொண்டதாக அன்றைய பிரதமர் மெல்போர்ன் பிரபுமீது பத்தாயிரம் பவுண்டு இழப்பீடு கோரி வழக்கும் தொடுத்தார். நடுவர் குழு தன் இருக்கையை விட்டு எழாமலேயே வழக்கைத் தள்ளிவிட்டது. கரோலின் குற்றமற்றவர் என்றாயிற்று. ஆயினும் பிள்ளைகள் வரவில்லை. குற்றமுள்ளவளா இல்லையா என்பது சட்டத்துக்குத் தேவைப்படாத கேள்வி. பிள்ளைகள் தகப்பனுடையவர்கள், அவர் ஸ்காட்லாந்தில் வைத்திருக்க விரும்பினால் ஸ்காட்லாந்தில் இருப்பார்கள்.

கரோலின் துண்டு நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றை ஆண்பெயரில் வெளியிட வேண்டியிருந்தது. டிக்கன்ஸின் நண்பரும், 'பிக்விக் பேப்பர்ஸ்' நூல் காணிக்கையாக்கப்பட்டவருமான டால்ஃபோர்டு நாடாளுமன்றத்தில் மசோதாவை முன்னெடுத்தார். 1838இல் பிரபுக்கள் சபையில் தோற்ற மசோதா, 1839இல் சட்டமாயிற்று. அது தந்தது சொற்பம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் தாய் நீதிமன்றத்தில் மன்றாடலாம், அவ்வளவே. கற்புக்குப் பழுது வந்தவளென்று நிறுவப்பட்டால் அதுவும் இல்லை. ஆனாலும் தந்தையின் உரிமைக்கு வெளியே தாய்க்கென ஒரு வாசல் முதன்முறையாகத் திறந்தது.

கரோலினுக்கு அந்த வாசல் பயன்படவில்லை. இங்கிலாந்துக்காக இயற்றப்பட்ட சட்டம் பிள்ளைகள் இருந்த ஸ்காட்லாந்தில் செல்லாது. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து, காயம் முற்றி இறந்தான். செய்தி கிடைத்துத் தாய் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அதன்பிறகே கணவரின் மனம் இளகி, மற்ற இருவரும் தாயோடு இருக்க இசைந்தார். ஒரு சட்டம் செய்யாததை ஒரு சாவு செய்தது.

*

ஆங்கிலச் சட்டம் அடுத்த நூறாண்டுகளில் தந்தையின் தனியுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கியது. 1873இல் வயது வரம்பு பதினாறாக உயர்ந்தது. 1886இன் சட்டம் குழந்தையின் நலன், இரு பெற்றோரின் நடத்தை, இருவரின் விருப்பம் ஆகியவற்றைச் சீர்தூக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வழங்கியது. 1925இன் சட்டம் குழந்தையின் நலனே தலையாயது என்றது. தாய்க்குத் தந்தைக்கு நிகரான காப்புரிமை 1973இல்தான் எழுத்தில் வந்தது. இந்தப் பட்டியலைப் படித்தால் நேர்க்கோட்டில் முன்னேறியது போலத் தோன்றும். அப்படியில்லை. 1883இல்கூட, ஏகர்-எல்லிஸ் என்ற தகப்பன் தம் பதினாறு வயது மகள் விடுமுறையைத் தாயோடு கழிக்கக் கூடாது என்று மறுத்தபோது, அந்தப் பெண்ணே தாயிடம் போக வேண்டுமென்று விரும்பிய பிறகும், மேல்முறையீட்டு நீதிபதிகள் தலையிட மறுத்துவிட்டனர்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு இன்னொரு வழக்கு நடந்தது. பாதிரியாரான கணவரை 1873இல் பிரிந்த ஒரு பெண்மணியிடம், பிரிவு ஒப்பந்தப்படி மகள் மேபல் இருந்தாள். மகன் தகப்பனிடம். தாய் கடவுள் மறுப்பாளர். கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக 1877இல் குற்றக்கூண்டிலும் நின்றவர். இவற்றைக் காட்டி 1878இல் தகப்பன் மகளைக் கேட்டார். தாய் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். நீதிபதி ஜார்ஜ் ஜெஸல் ஏழு வயது மகளைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் கொடுத்தார். ஷெல்லியிடமிருந்து பிள்ளைகளை அகற்றிய அதே நாத்திகம், இம்முறை ஒரு தாயிடமிருந்து அகற்றியது. 1879இல் மேல்முறையீடும் தோற்றது. அந்தத் தாய் அன்னி பெசன்ட். பிள்ளைகள் இருவரும் உரிய வயதடைந்ததும் தாமாகவே தாயைத் தேடி வந்துவிட்டனர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இதே அன்னி பெசன்ட், சென்னை உயர் நீதிமன்றத்தில், மீண்டும் வழக்கறிஞர் இல்லாமல், ஒரு தகப்பனுக்கு எதிராக நின்றார்.

அந்தத் தகப்பன் ஜிட்டு நாராயணய்யா. வருவாய்த்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெடுங்காலப் பிரம்மஞான சபை உறுப்பினர். 1905இல் மனைவி சஞ்சீவம்மாள் இறந்தார். 1909 தொடக்கத்தில் பிள்ளைகளோடு அடையாறு வந்து சேர்ந்தார். அங்கே அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியை லெட்பீட்டர் கண்டதும், உலகாசானுக்குரிய உடலென்று அறிவித்ததும் பலரும் அறிந்த கதை. 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் அவன் தம்பி நித்யானந்தாவையும் பெசன்ட் அம்மையாரின் காப்பில் விடுவதாகத் தகப்பன் எழுதிக் கையொப்பமிட்டார். சிறுவர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். லெட்பீட்டரின் நடத்தை பற்றிய ஐயங்கள் வலுக்க, 1912இல் தகப்பன் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுப் பிள்ளைகளைக் கேட்டார். மறுக்கப்பட்டதும் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நாராயணய்யாவின் தரப்பில் வாதாடியவர் சி. பி. ராமசாமி ஐயர். பின்னாளில் இவரே பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணித் துணைவரானது அக்காலச் சென்னைக்கே உரிய விசித்திரம்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், மே 26க்குள் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்குமாறு தீர்ப்பளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு ஆயமும் அதையே உறுதி செய்தது. பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் அங்கே தீர்ப்பு தலைகீழாயிற்று.

பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை நிதானமாகப் படிப்பவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருக்கிறது. கொள்கையளவில் தகப்பன் சொன்ன ஏறத்தாழ எல்லாவற்றையும் அது ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலச் சட்டமாயினும் இந்துச் சட்டமாயினும் தகப்பனே இயற்கைக் காப்பாளர், காப்பு என்பது ஒரு புனிதப் பொறுப்பு, அதை அவர் உயிரோடிருக்கையில் வேறொருவருக்கு மாற்றித் தந்துவிட முடியாது, வளர்ப்பையும் கல்வியையும் ஒருவரிடம் விட்டாலும் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நடைமுறைக் காரணங்களால் வழக்கைத் தள்ளுகிறது. சிறுவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் அல்லர், இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய நலனும் விருப்பமும் கேட்டறியப்படவில்லை. தகப்பன் வேண்டுமானால் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தை நாடட்டும்.

சிறுவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பது நியாயமான சொல். 1804இல், 1817இல், 1883இல் எந்த நீதிபதிக்கும் தோன்றாதது. ஆனால் அந்தச் சொல் வந்து சேர்ந்த நாளைக் கவனியுங்கள். 1895 மே மாதம் பிறந்த கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது பத்தொன்பது வயது நிரம்பியிருந்தது. கடல் கடந்து, பல ஆண்டுகள் பிறர் வீட்டில், பிறர் மொழியில் வளர்ந்த ஒருவனிடம், நீ யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டால் என்ன விடை வரும்? பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதே வழக்கின் முடிவை எழுதிவிட்டது. பிள்ளையைக் கொண்டுபோனவர் வைத்துக்கொண்டார். நாராயணய்யா இரண்டு நீதிமன்றங்களில் வென்று, கொள்கையில் மூன்றாவதிலும் வென்று, பிள்ளைகளை இழந்தார்.

பெசன்ட் அம்மையார் 1878ஐ நினைத்துக்கொண்டாரா? இக்கேள்வியை ஒரு நாவலாசிரியர் எடுத்துக்கொள்ளலாம்.

*

இந்தியாவில் ஆங்கிலேயர் இயற்றிய காப்பாளர் சட்டம் 1890ஆம் ஆண்டினது. இங்கிலாந்தில் 1886இலேயே குழந்தையின் நலன் தராசில் ஏறிவிட்டது. நமக்கு இயற்றித் தந்ததிலோ, தகுதியற்றவரல்லாத தகப்பன் உயிரோடிருந்தால் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கக் கூடாது என்ற பத்தொன்பதாவது பிரிவு இருந்தது. 'தகப்பன்' என்ற சொல்லோடு 'தாய்' சேர்வதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் 1956இல் வந்த இந்து இளவர் காப்புச் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலன் என்றும் சேர்த்துக்கொண்டது.

'அவருக்குப் பிறகு' என்ற சொல்லை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவரும் ஓர் எழுத்தாளரே. கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் கீதா ஹரிஹரன். மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தகப்பனின் கையொப்பம் வேண்டுமென்று ரிசர்வ் வங்கி கேட்டதிலிருந்து எழுந்தது வழக்கு. 1999 பிப்ரவரியில் நீதிமன்றம் அப்பிரிவை நீக்கவில்லை. 'பிறகு' என்றால் தகப்பனின் மறைவுக்குப் பிறகு என்று மட்டும் பொருளன்று, அவர் இல்லாத நிலையில், அதாவது பிள்ளையைக் கவனியாத நிலையிலும் என்று உரை கண்டது. உரையாசிரியர்களின் மரபில் வளர்ந்த நமக்கு இந்த உத்தி புதிதல்ல. மூலத்தைத் தொடாமல் பொருளை மாற்றுவதில் நச்சினார்க்கினியர் இதனினும் தேர்ந்தவர்.

ஆக, இன்றைய இந்துத் தகப்பன் சட்டப் புத்தகத்தில் இன்னும் முதலிடத்தில் இருக்கிறார். மணமுறிவு வழக்கில் சிக்கிய தகப்பனின் நடைமுறை அனுபவமோ வேறு. குடும்பநல நீதிமன்ற வளாகத்தில், வார இறுதியில், சில மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம் என்ற ஆணை. அதுவும் வாய்தா மேல் வாய்தா வாங்கிய பிறகு. காய்ச்சல், தேர்வு, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அந்தச் சில மணி நேரமும் நழுவும். வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமை உண்டு, பல் விழுந்த நாளில் அருகில் இருக்கும் வாய்ப்பு இல்லை. இதைச் சொன்னவுடன், அடி தாங்காமல் பிள்ளையோடு வெளியேறிய பெண்ணை மறந்துவிட்டாயா என்று ஒரு குரல் எழும். எழ வேண்டும். கரோலின் நார்ட்டனின் கதையை மேலே எழுதியது அதற்காகவும்தான்.

பிரிந்த தந்தையர் அமைப்பாகத் திரண்டதும் முதலில் பிரிட்டனில்தான். 'குடும்பங்களுக்குத் தந்தையர் தேவை' என்ற பொருளில் பெயர் கொண்ட அமைப்பு 1974இல் தோன்றியது. அடக்கமாக மனுப்போட்டுக்கொண்டிருந்த அதன் வழி போதாதென்று, 2000களின் தொடக்கத்தில் 'தந்தையருக்கு நீதி' என்று இன்னொன்று கிளம்பியது. 2004 மே மாதம் அதைச் சேர்ந்தவர்கள் நாடாளுமன்றத்தில் பிரதமர் டோனி பிளேர்மீது ஊதா நிற மாவுப் பொட்டலத்தை வீசினர். செப்டம்பரில் ஒருவர் பேட்மேன் உடையில் பக்கிங்காம் அரண்மனையின் முகப்பில் ஏறி நின்றார். பார்க்கக் கோமாளித்தனம். ஆயினும் பிள்ளையின் கண்ணில் வீரனாகத் தெரிய வேண்டுமென்ற ஒரு தகப்பனின் ஆசை அந்த உடையில் இருந்ததை மறுக்க முடியவில்லை.

அவர்கள் கேட்டது 1804இன் உரிமையை அன்று. 1989இன் பிரிட்டிஷ் குழந்தைகள் சட்டம் 'பெற்றோர் உரிமை' என்ற சொல்லை விலக்கி, 'பெற்றோர் பொறுப்பு' என்பதை நடுவில் வைத்தது. புறநானூற்றுப் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கடன்களைத்தான் பங்கிட்டார், உரிமைகளை அல்ல என்பது நினைவுக்கு வருகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நேரம் வேண்டும் என்பதே புதிய தகப்பன்மாரின் கோரிக்கை. இரு பெற்றோரும் பிள்ளையின் வாழ்வில் ஈடுபடுவது நலம் என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் தொடங்க வேண்டும் என்றனர். 2014இல் இங்கிலாந்துச் சட்டத்தில் அவ்வனுமானம் ஏறியது. ஆஸ்திரேலியா 2006இலேயே இன்னும் அழுத்தமாக, பொறுப்பைச் சமமாகப் பகிரும் அனுமானத்தைச் சட்டமாக்கியிருந்தது.

இரண்டும் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பலர் அதைச் சமநேர உரிமை என்று தவறாகப் புரிந்துகொண்டனர். வன்முறை நிலவிய குடும்பங்களில் அஞ்சிய தாய்மார், ஆபத்தான ஏற்பாடுகளுக்கு இணங்கிப் போனதாகக் குறைகள் எழுந்தன. 2023இல் இயற்றிய திருத்தம் 2024 மே முதல் அந்த அனுமானத்தை நீக்கியது. 2025 அக்டோபரில் பிரிட்டன் அரசும் தன் 2014 அனுமானத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. கொடுமைக்காரனான தகப்பனைச் சந்திக்க அனுப்பப்பட்டு உயிரிழந்த பிள்ளைகளின் தாய்மார் நடத்திய இயக்கம் அதன் பின்னணியில் இருந்தது. இதைக் கேட்டு ஒரு நல்ல தகப்பன் மனம் வெதும்புவான் என்பதை உணர்கிறேன். ஆனால் எல்லாத் தகப்பனையும் நல்லவன் என்று அனுமானிக்கும் விதி ஒரு பிள்ளையின் உயிரை வாங்குமானால், அதைத் தூக்கிப் பிடிக்க என்னால் இயலவில்லை. யார் எத்தகையவர் என்பதை ஒவ்வொரு வழக்காகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்ப்பதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

கரோலினின் மகன் ஆறாண்டுக் காத்திருப்பின் முடிவில் இறந்தான். கிருஷ்ணமூர்த்தி வழக்கு நடக்கும்போதே ஆளாகிவிட்டார். ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டாண்டு என்பது நினைவு தெரிந்த வாழ்நாளின் பெரும்பகுதி. இடைக்கால ஏற்பாடு என்று தொடங்குவதே பழக்கமாகி, பழக்கமே குழந்தையின் நலனாகி, நலன் தீர்ப்பாகிறது. தகப்பனிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோன தாய்க்கும் தாயிடமிருந்து பறித்துச் சென்ற தகப்பனுக்கும் ஒரே அளவில் உதவும் வழிமுறை இது. இங்கிலாந்தின் 1989 சட்டம் தன் முதல் பிரிவிலேயே, முடிவில் ஏற்படும் தாமதம் குழந்தையின் நலனுக்கு ஊறு செய்யக்கூடும் என்று எழுதி வைத்தது.

நம் உச்ச நீதிமன்றம், சென்னையிலிருந்து சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர் என்று கூறியது. 2020இல் இன்னொரு வழக்கில், இரு பெற்றோரின் அன்புக்கும் குழந்தைக்கு உரிமையுண்டு என்று சொல்லி, தொலைவிலிருக்கும் பெற்றோர் காணொளி அழைப்பில் பேச வழிசெய்யுமாறு அறிவுறுத்தியது. சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்புக்கு இடமளிக்கவும், காப்பாளர் வரிசையில் தந்தைக்குள்ள முதலிடத்தை நீக்கவும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மணமுறிவு வழக்கு நடக்கையில் பிள்ளைகள் யாரிடம் இருப்பது, அவர்களது பராமரிப்பு, கல்வி ஆகிய மூன்றையும் பற்றி ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2001இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. இடைக்கால விண்ணப்பங்களை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அது. பராமரிப்புக்கும் கல்விக்கும் அந்த 60 நாள் உண்டு. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வியைத் திருத்தத்தில் சேர்க்கவில்லை.